ஃபயர்வாலை அணைக்காமல் வீட்டுக்குள் கோப்புகளைப் பகிர்வது

ஒரு கணினியில் உள்ள கோப்புறையை அதே வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து திறக்க முடியவில்லை என்று யாரிடம் சொன்னாலும், பெரும்பாலும் முதலில் வரும் பதில் ‘ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் பாருங்கள்’ என்பதுதான். ஃபயர்வால் என்பது கணினிக்குள் வர முயலும் தொடர்புகளை வடிகட்டும் காவல் மென்பொருள். கணினி பழுது பார்க்க வருபவரும் அதையே சொல்கிறார், அலுவலக நண்பரும் அதையே சொல்கிறார். அணைத்ததும் பல நேரங்களில் கோப்புறை திறந்துவிடுவதால் அந்த ஆலோசனை சரியானது என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிடுகிறது. வேலை முடிந்த பிறகு அதைத் திரும்ப இயக்க வேண்டும் என்பது யார் நினைவிலும் நிற்பதில்லை. உறவினர்களின் வீடுகளில் நான் பார்த்துக் கொடுத்த கணினிகளில் ஃபயர்வால் அணைந்தே கிடந்தவை பல. காரணம் கேட்டால், எப்போதோ ஒரு பிரிண்டரையோ கோப்புறையையோ பகிர்வதற்காக அணைத்தது என்பார்கள்.

வீட்டுக்குள் கோப்புகளைப் பகிர்வதற்கு ஃபயர்வாலை ஒரு நிமிடம்கூட அணைக்கத் தேவையில்லை என்பதையும், வீட்டு வலையமைப்பு என்பதாலேயே அது தேவையற்றதாகிவிடாது என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேசைக் கணினியில் நிலப்பத்திரங்களின் ஸ்கேன் படிகளும், பட்டா, வரி ரசீதுகளும், இருபது ஆண்டுகளுக்கும் மேலான குடும்பப் புகைப்படங்களும் இருக்கின்றன. இரண்டு மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் புகைப்படங்களை வைஃபை வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. இப்படி ஒரே இடத்தில் வைத்துப் பலர் பயன்படுத்துவது மிக வசதியானது; ஆனால் தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவையும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில், பகிர்வு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு கோப்புறையைப் பகிர்ந்ததும் அந்தக் கணினி ஒரு சிறிய சேவையகமாக மாறி, பிற கணினிகளின் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. விண்டோஸ் இதற்குப் பயன்படுத்தும் நெறிமுறை, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை, எஸ்.எம்.பி. அது காத்திருக்கும் இடம் டி.சி.பி. 445ஆம் எண் போர்ட். போர்ட் என்பது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்; டி.சி.பி., யு.டி.பி. என்பவை தரவை அனுப்பும் இரண்டு முறைகள். பழைய முறையில் 139ஆம் எண் போர்ட்டும், பெயர்களைக் கண்டறிய யு.டி.பி. 137, 138 ஆகியவையும் பயன்பட்டன. லினக்ஸில் இயங்கும் சாம்பா என்ற பகிர்வு மென்பொருளும், மேக் கணினிகளும், கோப்புகளைச் சேமித்துப் பகிர்வதற்கென்றே அலமாரியில் வைக்கும் நாஸ் பெட்டிகளும் இதே எஸ்.எம்.பி. மொழியைத்தான் பேசுகின்றன, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா இல்லாவிட்டால், விண்டோஸ் அல்லாத கணினிகள் இவ்வளவு எளிதாக இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்க முடியாது.

ஃபயர்வால் செய்வது, கணினிக்குள் வர முயலும் ஒவ்வொரு தொடர்பையும் பார்த்து, ‘இது நம் கணினி கேட்டதற்கு வந்த பதிலா, அல்லது வெளியிலிருந்து தானாக வந்த அழைப்பா’ என்று பிரிப்பது. நாம் ஒரு வலைத்தளத்தைத் திறந்தால், அதற்கான பதில் தடையின்றி உள்ளே வரும். கேட்காமல் வரும் அழைப்பாக இருந்தால், அதை அனுமதிக்கும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். கோப்புப் பகிர்வில் சிக்கல் வருவதற்குக் காரணம் இதுவே. அண்ணனின் மடிக்கணினி கூடத்துக் கணினியின் 445ஆம் போர்ட்டை அழைக்கும்போது, கூடத்துக் கணினியின் பார்வையில் அது கேட்காமல் வந்த அழைப்பு. அதை அனுமதிக்கும்படி விதி இருந்தால் போதும். ஃபயர்வாலின் மற்ற வேலைகள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அப்படியானால் ‘அணைத்துவிடு’ என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஃபயர்வால் இருந்தது; ஆனால் அது இயல்பாக அணைக்கப்பட்டே வந்தது. அதை வீட்டு ஈதர்நெட் இணைப்பில் இயக்கினால் கோப்புப் பகிர்வும் நின்றுபோகும். இந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி கொடு என்று அதனிடம் சொல்ல எளிய வழி இல்லை. எனவே பகிர்வு வேண்டுமென்றால் அணைத்தே வைக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் பலர் நிறுவிக்கொண்ட ஸோன்அலார்ம் போன்ற மென்பொருள்கள் இந்த இடத்தில் மேலானவையாக இருந்தன; நம்பகமான வட்டாரம், இணைய வட்டாரம் என்று இரண்டாகப் பிரித்து, வீட்டுக் கணினிகளின் முகவரிகளை முதல் வட்டாரத்தில் சேர்க்க அவை இடம் கொடுத்தன. இன்றைய அமைப்புகளின் அடிப்படை எண்ணம் அதுவேதான்.

அந்தக் காலத்தின் இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. கேபிள் டி.வி. நடத்துபவர்கள் தெருவுக்குத் தெரு கம்பி இழுத்து இணையம் கொடுத்தபோது, பல இடங்களில் அந்தத் தெருவின் கணினிகள் எல்லாம் ஒரே வலையமைப்பில் இருந்தன. ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ என்ற சின்னத்தைச் சொடுக்கினால் பக்கத்து வீட்டுக் கணினியின் பெயரும், அவர்கள் பகிர்ந்திருந்த பாட்டுகளும் படங்களும், சில நேரம் முழு ‘சி’ டிரைவும் திரையில் தெரியும். பலர் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். யாருடைய வீட்டுக்குள்ளிருந்து யாருடைய வீட்டைப் பார்க்கிறோம் என்ற எல்லையே அங்கே இல்லாமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற, கணினியிலிருந்து கணினிக்குத் தானாகப் பரவும் தீநிரல் வந்தது. அறுபது விநாடிகளில் கணினி அணையப்போகிறது என்ற பெட்டி திரையில் தோன்றி எண் குறைந்துகொண்டே வந்ததை அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்த பலர் மறந்திருக்க மாட்டார்கள். பயனர் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், 135ஆம் போர்ட் வழியாக அது தானாக உள்ளே வந்தது. அது பயன்படுத்திய பிழையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தும் பெரும்பாலோர் நிறுவியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் சாஸர் என்ற மற்றொன்று 445ஆம் போர்ட் வழியாக, அதாவது கோப்புப் பகிர்வின் அதே வழியில் வந்தது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற பெரிய புதுப்பிப்பு வெளிவந்தபோது ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது. விதிவிலக்குகள் என்ற பட்டியலில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்று ஒரு பெட்டி இருந்தது. அதைக் குறியிட்டு, என் உள் வலையமைப்புக்கு மட்டும் என்ற எல்லையையும் வைக்க முடிந்தது. அன்றோடு, பகிர்வதற்காக ஃபயர்வாலை அணைக்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. ஆலோசனை மட்டும் இருபது ஆண்டுகளைக் கடந்தும் அப்படியே புழங்குகிறது.

இந்த விஷயத்தில் வான்னாக்ரை என்ற ரான்சம்வேரைப் பற்றி, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலைப் பற்றி, சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நேரடியாகக் கோப்புப் பகிர்வைத் தாக்கியது. எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைக் கையாளும் நிரலில் ஒரு பிழை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதைப் பயன்படுத்தும் ஒரு கருவியை வைத்திருந்தது. அந்தக் கருவி 2017 ஏப்ரலில் பொதுவெளியில் கசிந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, மார்ச் 14 அன்று, திருத்தத்தை வெளியிட்டிருந்தது. மே 12 அன்று வான்னாக்ரை பரவத் தொடங்கியது. 150 அளவிலான நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. புகுந்த ஒவ்வொரு கணினியிலிருந்தும் அதே உள் வலையமைப்பில் உள்ள மற்ற முகவரிகளையும், இணையத்தில் கண்ணில் படும் முகவரிகளையும் 445ஆம் போர்ட்டில் தட்டிப் பார்த்தது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, நோயாளிகளின் சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை, திருத்தத்தை நிறுவியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இணையத்தை நோக்கிய ஃபயர்வால்களைச் சரியாக நிர்வகித்திருந்தாலே அந்த அமைப்புகள் தப்பியிருக்கும் என்று குறிப்பிட்டது.

இதிலிருந்து வீட்டுக்குப் பொருந்துவது என்ன என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஒரு கணினியில் வான்னாக்ரை புகுந்திருந்தால், ‘உள் வலையமைப்பு முழுவதற்கும் அனுமதி’ என்ற விதி வைத்திருந்த மற்றொரு கணினியை அந்த ஃபயர்வால் காப்பாற்றியிருக்காது. அங்கே காப்பாற்றக்கூடியது முக்கியமாகத் திருத்தம்தான். ஆனால் பகிர்வதே இல்லாத மடிக்கணினி, தன் ஃபயர்வாலை இயக்கியே வைத்திருந்தால், 445ஐ யாருக்கும் காட்டியிருக்காது. வீட்டில் ஐந்து கணினிகள் இருந்தாலும் கோப்புகளைக் கொடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மற்ற நான்கும் எடுப்பவை. எடுக்கும் கணினியில் உள்வரும் விதி எதுவும் தேவையில்லை. அதன் அழைப்பு வெளியே போகிறது, பதில் தானாகத் திரும்பி வருகிறது. இந்த ஒரு செய்தி தெரியாமல்தான் பல வீடுகளில் எல்லாக் கணினிகளிலும் ஃபயர்வாலை அணைத்துவிடுகிறார்கள்.

‘வீட்டில் ரவுட்டர் இருக்கிறதே, அது தடுக்காதா’ என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தடுக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென 1996ஆம் ஆண்டின் இணையத் தரநிலை ஆவணம் ஒன்றில் ஒதுக்கி வைக்கப்பட்டவை. அவற்றை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் ரவுட்டருக்கு, வெளியிலிருந்து கேட்காமல் வரும் அழைப்பை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று தெரியாததால் அது அங்கேயே நின்றுவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில் காவலர் அந்நியரை நிறுத்துகிறார் என்பதற்காக நாம் நம் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதில்லை. ரவுட்டருக்கும் கணினியின் ஃபயர்வாலுக்கும் உள்ள உறவை நான் அப்படித்தான் பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் ஒரு பருவம் முழுவதும் பலரது பென் டிரைவுகளைச் சொருகிவிட்டு விடுமுறைக்கு வீடு வரும் மடிக்கணினி ரவுட்டரைத் தாண்டி வருவதில்லை, உள்ளேயே இணைகிறது. விருந்தினர் கேட்டதும் கொடுக்கும் வைஃபை கடவுச்சொல்லும், சில ஆண்டுகளாகப் புதுப்பிப்பே வராத தொலைக்காட்சியும், மலிவு விலையில் வாங்கிய கண்காணிப்பு கேமராவும் அப்படியே.

ரவுட்டரே தன் காவலைத் தளர்த்திவிடுவதும் உண்டு. யு.பி.என்.பி. என்ற வசதி இயங்கினால், உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் ரவுட்டரிடம் கேட்டுத் தனக்கு வெளியிலிருந்து ஒரு வழி திறந்துகொள்ளலாம். அதற்காக அது நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்து, ஒவ்வொரு உரிமையாளரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும் (வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே உள்ள கருவிக்கு அனுப்பும் அமைப்பு), நாஸில் யு.பி.என்.பி.யையும் அணைக்கும்படி அந்நிறுவனம் அப்போது அறிவுறுத்தியது. குடும்பப் புகைப்படங்களுக்காகவே வாங்கி வைக்கப்பட்ட பெட்டிகள் அவை. வெளியூரிலிருந்தும் படங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பலரை அந்த வழியைத் திறக்க வைக்கிறது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது, ஆனால் எஸ்.எம்.பி.யை எந்தக் காரணத்துக்காகவும் இணையத்தை நோக்கித் திறக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வேண்டுமென்றால் வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனி வழியாக வீட்டுக்குள் வந்து, பிறகு கோப்பை எடுப்பதே ஏற்கத்தக்க முறை.

இணைய முகவரிகளின் புதிய முறையான ஐ.பி.வி6 பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் ஜியோ போன்ற சேவைகள் வீட்டு இணைப்புகளுக்கும் ஐ.பி.வி6 முகவரிகளைக் கொடுக்கின்றன. அந்த முறையில் ஒவ்வொரு கணினிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி கிடைக்கிறது. முகவரி மாற்றத்தால் தற்செயலாகக் கிடைத்துவந்த மறைவு அங்கே இல்லை. ரவுட்டரில் உள்ள ஐ.பி.வி6 ஃபயர்வால் இயங்கினால் பாதுகாப்பு உண்டு. அதை யாராவது அணைத்திருந்தால், கணினியில் உள்ள ஃபயர்வால் ஒன்றே மிஞ்சும். இக்காரணத்தாலேயே, ரவுட்டரை நம்பிக் கணினியின் ஃபயர்வாலை அணைப்பது பத்து ஆண்டுகளுக்கு முன்பைவிட இன்று அதிக ஆபத்தானது என்று கருதுகிறேன்.

இனி, அணைக்காமல் சரிசெய்வது எப்படி என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒவ்வொரு வைஃபை அல்லது ஈதர்நெட் இணைப்புக்கும் ‘பிரைவேட்’, ‘பப்ளிக்’ என்ற இரண்டில் ஒரு வகை ஒதுக்கப்பட்டிருக்கும். புதிய இணைப்பை விண்டோஸ் இயல்பாகப் ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்ளும், அதாவது யாரையும் நம்பாதே என்று பொருள். வீட்டில் பகிர்வு வேலை செய்யாததற்கு நான் அதிகமாகக் கண்ட காரணம் இதுதான்: ரவுட்டரை மாற்றியிருப்பார்கள், அல்லது வைஃபை பெயரை மாற்றியிருப்பார்கள், விண்டோஸுக்கு அது புதிய இடம், எனவே மீண்டும் ‘பப்ளிக்’. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று, அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து, ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். பிறகு, பகிர்வுக்கான மேம்பட்ட அமைப்புகளில் பிரைவேட் வகைக்கு மட்டும் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’யையும் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’கையும் இயக்க வேண்டும். பப்ளிக் வகையில் இரண்டும் அணைந்தே இருக்கட்டும். இதைச் செய்த பிறகு மடிக்கணினியை ரயில் நிலையத்துக்கோ விடுதிக்கோ எடுத்துச் சென்றாலும் கவலையில்லை, அங்குள்ள வைஃபை பப்ளிக் வகையில் இருக்கும்வரை பகிர்வு அங்கே தெரியாது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றையாவது செய்துகொள்ளும்படி நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன்.

அடுத்ததாக, கணினி கண்ணுக்குத் தெரிவதும் கோப்புறை திறப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். கோப்பு உலாவியின் ‘நெட்வொர்க்’ பகுதியில் கூடத்துக் கணினியின் பெயர் காணவில்லை என்றால் பகிர்வே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழைய நாளில் அந்தப் பட்டியலைத் தந்தது எஸ்.எம்.பி. முதல் பதிப்பைச் சார்ந்த ஒரு முறை. வான்னாக்ரைக்குப் பிறகு, 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. இப்போது அந்த வேலையைச் செய்வது யு.டி.பி. 3702ஐப் பயன்படுத்தும் வேறொரு முறை. அதற்குக் கொடுக்கும் கணினியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை இயங்க வேண்டும். இது இயங்காவிட்டால் பெயர் தெரியாது, ஆனால் கோப்புறை திறக்கும். எனவே, பட்டியலை மறந்துவிட்டு, முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டுக் கணினியின் ஐ.பி. முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து பார்ப்பதே சரியான முதல் சோதனை. பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பதற்காக முதல் பதிப்பைத் திரும்ப நிறுவச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அவற்றைப் பின்பற்றாதீர்கள், வான்னாக்ரை புகுந்த அதே பழைய நிரலைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதற்குச் சமம் அது.

அந்தச் சோதனையில் திரை என்ன சொல்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெகுநேரம் காத்திருந்த பிறகு பாதை கிடைக்கவில்லை என்று வந்தால், அழைப்பு எங்கோ சத்தமில்லாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஃபயர்வால் மீது சந்தேகம் கொள்ளலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டாலோ, அனுமதி இல்லை என்று உடனே சொன்னாலோ, ஃபயர்வால் அழைப்பை உள்ளே விட்டுவிட்டது, சிக்கல் கணக்கிலோ கோப்புறையின் உரிமைகளிலோ இருக்கிறது என்று பொருள். இரண்டாவது வகைச் சிக்கலுக்கும் ஃபயர்வாலை அணைப்பவர்கள் இருக்கிறார்கள்; அணைத்து எந்தப் பயனும் இல்லை. மற்றொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்துப் பதில் வரவில்லை என்பதை வைத்தும் முடிவுக்கு வர வேண்டாம், அது தனி விதியால் கட்டுப்படுவது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் குறிப்பிட்ட போர்ட்டைச் சோதிக்கும் கட்டளை உண்டு. 445 திறந்திருக்கிறதா என்பதை அது நேரடியாகவே சொல்லிவிடும்.

விதி சரியாக இருந்தும் தடுக்கப்பட்டால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலில், ஒரே தொடர்புக்கு அனுமதிக்கும் விதியும் தடுக்கும் விதியும் இருந்தால் தடுக்கும் விதியே வெல்லும். ஒரு மென்பொருள் முதல் முறை வலையமைப்பைக் கேட்கும்போது எழும் பெட்டியை நாம் ரத்து செய்தால், அந்த மென்பொருளுக்குத் தடுக்கும் விதி ஒன்று எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் அது வேலை செய்யாது. மற்ற இடம், விலைக்கு வாங்கிய வைரஸ் தடுப்புத் தொகுப்பு. அதற்கென்று தனி ஃபயர்வால் இருந்தால், இந்த வலையமைப்பு வீடா பொது இடமா என்று அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கலாம். விண்டோஸில் செய்த மாற்றம் அதற்குத் தெரியாமல் போகலாம்.

இன்னொரு படி மேலே போக விரும்புபவர்கள், ஃபயர்வாலின் மேம்பட்ட சாளரத்தைத் திறந்து, உள்வரும் விதிகளில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் (எஸ்.எம்.பி. இன்)’ என்பதன் பிரைவேட் வகை விதியைத் தேடிப் பார்க்கலாம். அதன் ‘ஸ்கோப்’ பக்கத்தில், தொலை முகவரி என்ற இடத்தில் ‘லோக்கல் சப்நெட்’, அதாவது அதே உள் வலையமைப்பு, என்றிருக்கும். அதற்குப் பதிலாகக் கோப்புகளை எடுக்கும் நம் கருவிகளின் முகவரிகளை மட்டும் எழுதினால், விருந்தினரின் கைப்பேசியோ கேமராவோ கூடத்துக் கணினியின் 445ஐத் தொடவே முடியாது. இதற்கு முன்பாக ரவுட்டரில் அந்தக் கருவிகளுக்கு முகவரிகளை நிலையாக ஒதுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மின்தடைக்குப் பிறகு முகவரி மாறிப் பகிர்வு நின்றுபோகும். ஐ.பி.வி6 இயங்கும் வீட்டில் கணினியின் பெயரைத் தட்டினால் அந்த வழியே அழைப்பு போகக்கூடும், எனவே விதியில் எழுதிய ஐ.பி.வி4 முகவரியைக் கொண்டே இணைக்க வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஒரு கோப்புறையைப் பகிரும்போது 137 முதல் 139 வரையான பழைய போர்ட்டுகளைத் திறக்காத, சுருக்கப்பட்ட விதித்தொகுப்பையே மைக்ரோசாஃப்ட் பயன்படுத்துகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்.

சில வீடுகளில் எல்லா விதிகளும் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நாமே வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருந்து, ஒரு கணினி முதலாவதிலும் மற்றொன்று இரண்டாவதிலும் இணைந்திருந்தால், அவை ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே சப்நெட்டில் இல்லை. முகவரிகளைப் பார்த்தாலே தெரியும்: ஒன்று 192.168.29 என்று தொடங்க, மற்றொன்று 192.168.0 என்று தொடங்கும். முதலாவதில் உள்ள கணினி இரண்டாவதில் உள்ளதை அழைத்தால், இரண்டாவது ரவுட்டர் அதை வெளியிலிருந்து கேட்காமல் வந்த அழைப்பாகவே கருதி நிறுத்திவிடும். இரண்டாவது ரவுட்டரை, தனி வலையமைப்பை உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வலையமைப்பாகிவிடும். அதேபோல, விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே பிரித்து வைக்கும். இந்த வசதியைப் பழுதாக எண்ணாமல், கேமராவையும் தொலைக்காட்சியையும் அதற்குள் தள்ளிவிடுவது நல்லது.

லினக்ஸிலும் மேக்கிலும் சொல்ல வேண்டியது குறைவு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வால் நிறுவப்பட்டிருந்தாலும் இயல்பாக இயங்காது. அதை இயக்கி, வீட்டு முகவரி வரம்பிலிருந்து மட்டும் சாம்பாவுக்கு அனுமதி என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஃபெடோரா என்ற மற்றொரு வகையில் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் இயங்கிக்கொண்டே இருக்கும், சாம்பா சேவையை அதில் சேர்க்க வேண்டும். மேக்கில் எல்லா உள்வரும் தொடர்புகளையும் தடு என்ற தேர்வை இயக்கினால் கோப்புப் பகிர்வும் சேர்ந்தே நிற்கும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

ஃபயர்வால் உள்ளே விட்ட பிறகு யார் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது கணக்கும் கடவுச்சொல்லும். கடவுச்சொல் கேட்பது தொல்லை என்று, ‘எவ்ரிஒன்’ என்பதற்கு முழு உரிமையும் கொடுத்து, கடவுச்சொல் பாதுகாப்பையும் அணைத்துவிடுவது ஃபயர்வாலை அணைப்பதற்கு அடுத்தபடியாகப் பரவலாக உள்ள வழக்கம். கடவுச்சொல் ஏற்கப்படாமல் போவதற்கு ஒரு பொதுவான காரணம், கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண்ணை அங்கே இடுவது. அந்த எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது, வலையமைப்பில் செல்லாது. பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கைக் கூடத்துக் கணினியில் உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்து, மடிக்கணினிகளில் ஒரு முறை சேமித்துவிட்டால் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. புகைப்படக் கோப்புறைக்கு அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். மடிக்கணினியில் ரான்சம்வேர் புகுந்தால், அது எழுதக்கூடிய எல்லாப் பகிர்வுகளிலும் கை வைக்கும். படிக்க மட்டும் முடிந்த இடத்தில் அதனால் எதையும் பூட்ட முடியாது. புதிய படங்களைச் சேர்ப்பதற்கு வேறொரு கோப்புறையை எழுதும் உரிமையுடன் வைத்து, அங்கிருந்து கூடத்துக் கணினியிலேயே அமர்ந்து மாற்றிக்கொள்கிறோம். பத்திரங்களின் ஸ்கேன் படிகளை நாங்கள் பகிர்வதே இல்லை. அவற்றின் படி ஒன்று, எந்தக் கணினியிலும் இணைக்கப்படாத ஒரு வன்தட்டில் பீரோவுக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒரு தடை எங்கிருக்கிறது என்று பிடிபடாவிட்டால், ஃபயர்வாலிடமே கேட்கலாம். மேம்பட்ட சாளரத்தின் பண்புகளில், பிரைவேட் பக்கத்தில், ‘லாகிங்’ என்ற பகுதிக்குச் சென்று, தடுக்கப்பட்ட தரவுப் பொட்டலங்களைப் பதிவு செய்யும்படி மாற்றுங்கள். மடிக்கணினியிலிருந்து மறுபடி ஒரு முறை கோப்புறையைத் திறக்க முயன்றுவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் அந்தப் பதிவுக் கோப்பை நோட்பேடில் திறந்து, 445 என்ற எண்ணைத் தேடுங்கள். மடிக்கணினியின் முகவரியுடன் ‘டிராப்’ என்ற வரி இருந்தால் தடுப்பது இந்த ஃபயர்வாலே. மேலே சொன்ன வகை மாற்றத்தையும், தடுக்கும் விதிகளையும், ஸ்கோப்பில் எழுதிய முகவரிகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், அழைப்பு கணினி வரை வந்து சேரவே இல்லை. ரவுட்டரிலோ, விருந்தினர் வைஃபையிலோ, மடிக்கணினியில் உள்ள வைரஸ் தடுப்புத் தொகுப்பிலோ தேட வேண்டும்.